லக்சருக்கு ஒரு லிமோசின்

அத்தியாயம் பதினொன்று

செருப்புப் போட்டிருக்கலாமா, கூடாதா என்று ஹனி போனில் கேட்டான்.

நிரூபாவுக்கு விளங்கவில்லை. ஏதோ கோயிலுக்குள் போவதைப் பற்றிக் கேட்கிறான் என்று நினைத்தாள். எகிப்தின் லக்சரில் இருப்பவை இப்போது யாரும் கும்பிடுகிற கோயில்கள் அல்ல. ஆற்றோரம் தூண்களும் சிலைகளும் நிற்கின்றன, அவ்வளவுதான். அங்கே செருப்பை யார் பார்க்கப் போகிறார்கள் என்று சிரித்தாள்.

"உங்கள் ஆட்களைப் பற்றிக் கேட்கவில்லை, மேடம். பிள்ளைகளைப் பற்றிக் கேட்கிறேன்."

"எந்தப் பிள்ளைகள்?"

"காருக்குப் பின்னால் ஓடுகிற பிள்ளைகள்."

சனிக்கிழமை காலை. ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஷவர்மா கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில் இருக்கிற பயண முகவர் கடையில் அவள் தனியாக இருந்தாள். எகிப்துக்கும் துருக்கிக்கும் ஆட்களை அனுப்புவது அவளுடைய மேசை. லக்சரில் வண்டி பிடித்துத் தருகிற ஹனியை அவள் நேரில் கண்டதில்லை. குரல் மட்டும் தெரியும். சொன்ன இடத்தில் சொன்ன நேரத்தில் வண்டி நிற்கும். அதனால் நம்பினாள்.

இந்த முறை அவள் கேட்டது வழக்கமான வான் வண்டி அல்ல. வெள்ளை நிற நீட்டு லிமோசின். அப்படி ஒன்று லக்சரில் இல்லை. கெய்ரோவில் இருந்து பாலைவனப் பாதையால் ஓட்டி வர வேண்டும். ஒரு பகல் முழுக்க எடுக்கும். கெய்ரோக்காரன் இன்றைக்குள் முடிவு கேட்கிறான் என்று சொல்லத்தான் ஹனி போன் எடுத்திருந்தான். செருப்புக் கதை இடையில் வந்தது.

அவள் மெல்ல மெல்ல விசாரித்தாள். அவன் ஒளிக்கவில்லை. ஒளிப்பதற்கு எதுவும் இருப்பதாகவே அவனுக்குத் தெரியவில்லை. அவளுடைய தம்பியின் கலியாணத்துக்கு வீடியோ எடுக்கிற வினோதன் இரண்டு நாளைக்கு முன் ரொறன்ரோவில் இருந்து கூப்பிட்டானாம். ஆற்றுக்கு மேற்குக் கரையில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் போகிற தெருவில் லிமோசின் மெதுவாகப் போக வேண்டும். பின்னால் நாற்பது பிள்ளைகள் ஓடி வர வேண்டும். கார் யன்னலில் இருந்து இனிப்பு எறிவார்கள். பிள்ளைகள் சின்னவர்களாக இருக்க வேண்டும். பழைய உடுப்பு. மெலிந்தவர்களாக இருந்தால் நல்லது.

"மெலிந்தவர்கள்தான் வேண்டும் என்றால் நான் இன்னும் கொஞ்சம் உள்ளே போய்த்தான் பிடிக்க வேண்டும்," என்றான் ஹனி. "பிரச்சினை இல்லை. ஆட்கள் ஒட்டகம் கேட்பார்கள், குதிரை வண்டி கேட்பார்கள், இதுவும் கேட்பார்கள். ஆனால் செருப்பு வேண்டாம் என்று அவர் சொல்கிறார். அப்படியானால் விடிந்த கையோடு ஓட வைத்து முடிக்க வேண்டும். வெயில் ஏறினால் தார் சுடும். அதைத்தான் கேட்டேன்."

திருப்பி எடுக்கிறேன் என்று சொல்லி வைத்தாள். தேத்தண்ணி வாயில் இருந்தது. பின்னால் போய்க் கழுவு தொட்டியில் துப்பினாள்.

துப்பிய பிறகும் வாய் கசந்தது.

இந்தக் காரை அவள் சந்தோசமாகத்தான் தேடத் தொடங்கினாள். காரணம் போன கிழமை நடந்தது.

தம்பி பிரவீனனுக்கும் துர்க்காவுக்கும் பதிவு முடிந்துவிட்டது. கலியாணம் ஓகஸ்டில். அதற்கு முன் வெளிநாட்டில் படம் எடுத்து, கலியாண மண்டபத்துச் சுவரில் பெரிதாகப் போட வேண்டும். பாரிசுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். ஐஸ்லாந்துக்கும் போய்விட்டார்கள். நைல் ஆற்றங்கரைக்கு ஸ்காபுரோவில் இருந்து இன்னும் ஒருவரும் போகவில்லை.

அந்தக் கதையின் நடுவில் துர்க்காவின் தாய் இராசமலர் தோழி விசயத்தை எடுத்தாள். மாப்பிள்ளையின் சகோதரிதான் பொம்பிளைக்குப் பக்கத்தில் தோழியாக நிற்பது. நிரூபா விவாகரத்தானவள். வேறு யாராவது ஒன்றுவிட்ட சகோதரி நின்றால் என்ன என்று இராசமலர் மிகவும் இனிப்பாகக் கேட்டாள்.

அம்மா குணவதி அப்போது சொன்னது நிரூபாவுக்கு இன்னும் காதில் நிற்கிறது. "புருசன் இல்லாதவள் எண்டு என்னை மேடையில ஏத்தமாட்டியள். அதுக்கு நான் ஒண்டும் கதைக்கேல்ல. என்ர பிள்ளையை இறக்க விடமாட்டன்."

அம்மா அவளுக்காக நாலு பேர் நடுவில் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. அடுத்த நாள் அம்மா அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்று. லக்சரில் நீட்டுக் கார். வெள்ளை.

அதற்கு எப்படி இல்லை என்று சொல்வது.

கடையைப் பூட்டிவிட்டு நிரூபா காரை எடுத்தாள்.

பிரவீனன் றிச்மண்ட் ஹில்லில் புதிதாக வாங்கிய வீட்டில் யன்னல் சீலைக்குக் கம்பி பூட்டிக்கொண்டு நின்றான். ஏணியில் இருந்து இறங்காமலே வா அக்கா என்றான். வங்கியில் வேலை. இருபத்தேழு வயது. இங்கே பிறந்தவன். யாரையும் கடிந்து பேசத் தெரியாத பிள்ளை என்று எல்லாரும் சொல்வார்கள். அவளும் சொல்லியிருக்கிறாள்.

"மெலிஞ்ச பிள்ளையள் வேணும் எண்டு ஆர் சொன்னது?"

அவன் இறங்கினான். "உனக்கு ஆர் சொன்னது? அது சர்ப்ரைஸ்."

"ஆருக்கு?"

அவன் ஐபாட்டை எடுத்து வந்தான். வினோதன் வீடியோவுக்காகக் கீறி அனுப்பிய படங்கள். முதலாவது கறுப்பு வெள்ளை. ஒரு வெள்ளை வாகனம், மழை, பின்னால் ஓடுகிற பிள்ளைகள். இரண்டாவது நிறத்தில். அதே மாதிரித் தெரு, வெயில், லிமோசின். பின்னால் ஓடுகிற பிள்ளைகள். மூன்றாவதில் கார் யன்னல் திறந்திருந்தது. வெளியே நீண்ட கை ஒன்று. கை நிறையக் காப்பு.

நிரூபா முதலாவது படத்திலேயே நின்றுவிட்டாள்.

"இது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"கொடிகாமம்," என்றான் பிரவீனன். அந்த ஊர்ப் பெயரை அவன் ஆங்கில எழுத்தைப் பார்த்து வாசிப்பது போலச் சொன்னான். "நீயும் அம்மாவும். நீ ஒருக்காலும் சொன்னதில்லை அக்கா. லைக், எவ்வளவு பவர்ஃபுல் ஸ்டோரி. அப்ப நாங்கள் ஓடினம். இப்ப நாங்கள் காருக்குள்ள. ஃபுல் சேர்க்கிள்."

"நாங்களா? நீயும் ஓடினனியா?"

"ஃபமிலியாச் சொல்லுறன்."

"அங்க ஓடப்போற நாப்பது பேருக்கும் இது என்ன சேர்க்கிள்?"

"அவங்களுக்கு ஃபன், அக்கா. சொக்லேற் கிடைக்கும். ஓடச் சொன்னால் கிட்ஸ் எண்டால் ஓடும்தானே."

அவன் சொன்னதில் ஒரு பொல்லாங்கும் இல்லை. முகமும் தெளிவாக இருந்தது. அதுதான் அவளுக்கு அருவருத்தது. சண்டைக்கு வருகிறவனோடு சண்டை பிடிக்கலாம். இவன் அவளுக்குப் பரிசு தருவது போல நின்றான்.

வினோதனுக்குப் போன் எடுத்து நிற்பாட்டச் சொல் என்றாள். அவன் தலையைச் சொறிந்தான். கம்பியைப் பார்த்தான். பிறகு கொஞ்சம் கோபமாகச் சொன்னான்.

"என்னை ஏன் பேசுறாய்? நான் கேட்டது ஒரு டிரோன் ஷொட். மிச்சம் முழுக்க அம்மா. அம்மாவைப் போய்க் கேள்."

ஸ்காபுரோ நோக்கித் திரும்பி ஓடும்போது அவள் வானொலியைப் போடவில்லை.

போருக்குப் பயந்து யாழ்ப்பாணம் முழுக்க ஒரே தெருவால் வெளிக்கிட்ட வருடம். அவளுக்கு எட்டு வயது. அப்பா அதற்கு முன்பே கனடாவுக்கு வந்துவிட்டார். அவளும் அம்மாவும் கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையில் படுத்தார்கள். மழை. ஒரு நாள் வெள்ளை வாகனம் ஒன்று வந்தது. அதில் இருந்தவன் எந்த நாட்டவன், எந்த வேலைக்கு வந்தவன் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. கழுத்தில் கமரா. யன்னலால் பிஸ்கட் பைக்கற்றுகளை எறிந்தான். பிள்ளைகள் ஓடினார்கள். கிட்ட வந்தால் வாகனம் கொஞ்சம் வேகமாகப் போகும். களைத்து நின்றால் வாகனமும் நிற்கும்.

அவளும் ஓடினாள். அவளைக் கடந்துகொண்டு யாரோ பெரிய ஆள் ஓடியது. பார்த்தால் அம்மா. சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளை விலக்கிக்கொண்டு ஓடினாள். ஒரு பொடியனின் கைக்கு மேலால் எட்டி ஒரு பைக்கற்றைப் பிடித்தாள். வாகனத்தில் இருந்தவன் அதைப் படம் எடுத்தான்.

அடுத்த வருடம் கனடாவுக்கு வந்தார்கள். அதைப் பற்றி அம்மா ஒரு சொல் பேசியதில்லை. நிரூபாவும் பேசியதில்லை. கட்டியிருந்தவனிடம்கூடச் சொல்லவில்லை. அது இரண்டு பேருக்கும் நடுவில் மூடிக் கிடந்த சாமான் என்று நினைத்திருந்தாள்.

அம்மா அதை ஒரு வீடியோக்காரனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொல்லியிருக்கிறாள்.

வீட்டில் கோழிக்கறி மணந்தது. மத்தியானம் துர்க்காவின் வீட்டார் ரெக்ஸ்டேலில் இருந்து சாப்பிட வருகிறார்கள். அடுப்படியில் யாரும் இல்லை. பின் கதவு திறந்து கிடந்தது.

குணவதி வளவில் நின்றாள். வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு கையை வீசினாள். ஏதோ மின்னிக்கொண்டு போய்ப் புல்லில் விழுந்தது. நடந்து போய் எடுத்தாள். திரும்பி வந்து இன்னொன்றை எறிந்தாள்.

ரொபி இனிப்பு. மேசையில் மூன்று விதமான பைகள் உடைத்துக் கிடந்தன.

"வந்திட்டியே. இஞ்ச பார்," என்றாள் குணவதி. "இந்த மெல்லிசு ரொபி சரிவராது. காத்துக்குத் திரும்பி வருது. இந்தப் பச்சைப் பேப்பர் சுத்தினது நல்ல பாரம். தூரப் போகுது. ஆனால் வெயிலுக்கு இளகுமோ தெரியேல்ல."

அறுபத்திரண்டு வயது. இருபது வருடம் கோழி பொதி செய்கிற தொழிற்சாலையில் நின்ற தோள். எறிந்துவிட்டு அந்தத் தோளைத் தடவினாள்.

"அம்மா. செருப்பு வேண்டாம் எண்டு சொன்னது வினோதனோ?"

"இல்லை. நான்தான்."

"ஏன்?"

"அண்டைக்கு எங்களுக்கும் இல்லைத்தானே. செருப்போட ஓடினால் அது வேற மாதிரி."

மிளகாய்த்தூள் போதுமா என்று கேட்டால் எப்படிப் பதில் சொல்வாளோ அப்படிச் சொன்னாள். நிரூபா கதிரையில் இருந்தாள். நான் இந்தக் காரை ஒழுங்குசெய்யமாட்டேன் என்றாள். பிள்ளைகளையும் பிடிக்கமாட்டேன். இது ஊத்தை வேலை. கேட்கவே அருவருப்பாக இருக்கிறது. உனக்கு அப்படி இல்லையா.

குணவதி ரொபிகளைப் பைக்குள் திருப்பிப் போட்டாள். அவசரப்படவில்லை.

"அவன்ர முகம் உனக்கு ஞாபகம் இருக்கோ?"

"ஆற்ற?"

"வாகனத்தில இருந்தவன். எனக்கு இருக்கு. கெட்டவன்ர முகமில்லை பிள்ளை. நல்ல முகம். எங்களைப் பாத்துச் சந்தோசப்பட்டவன். நான் அந்தப் பைக்கற்றைப் பிடிக்கேக்க அவனுக்கு வந்த சந்தோசம் இருக்கே. எனக்குக் கலியாணம் கட்டேக்கையும் அப்பிடி வரேல்ல, நீ பிறக்கேக்கையும் வரேல்ல. அது என்ன சந்தோசம் எண்டு ஒருக்கா எனக்குப் பாக்கோணும். வேற ஒண்டும் வேண்டாம்."

கடைசி ரொபியையும் பைக்குள் போட்டாள்.

"மண்டபத்தில என்னைப் பின்வரிசையில இருத்துவினம். அந்தக் காரில நான் முன்னுக்கு இருக்கலாம். அங்க ஆருக்கு என்னைத் தெரியும்?"

இப்படி ஒரு ஆசையைத் தாயின் வாயால் கேட்டிருக்க வேண்டாம் என்று நிரூபாவுக்கு இருந்தது. பரிதாபப்படவும் முடிந்தது. அந்தப் பரிதாபமும் பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிற மாதிரித்தான் இருந்தது.

"நான் செய்யமாட்டன், அம்மா."

குணவதி பையின் வாயை முடிந்தாள். "அவையள் வரப் போகினம். முகத்தைக் கழுவு," என்றாள். அதோடு அந்தக் கதை முடிந்தது என்று நிரூபா நினைத்தாள்.

முடியவில்லை.

இராசமலரும் புருசன் ஸ்ரீஸ்கந்தராசாவும் வந்தார்கள். துர்க்கா பின்னால் வந்தாள். மருந்துக் கடையில் வேலை முடித்த உடுப்போடேயே வந்திருந்தாள். பிரவீனன் கடைசியாக வந்து, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர்க் குவளைகளை அடுக்கினான்.

சோறு போட்டு முடியவில்லை, குணவதி தொடங்கிவிட்டாள். லிமோசின் கெய்ரோவில் இருந்து வருகிறது. பாலைவனத்துக்குள்ளால் வருகிறது. பின்னால் நாற்பது பிள்ளைகள். எல்லாம் நிரூபாதான் ஒழுங்குபடுத்தினவள். அவள் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது.

பிரவீனன் நிமிர்ந்து பார்த்தான். நிரூபா கறியைப் பிசைந்துகொண்டிருந்தாள். யாராவது ஒருவர் முகம் சுளிப்பார் என்று காத்திருந்தாள். ஒருவர் போதும். அதைப் பிடித்துக்கொண்டு கதைக்கலாம்.

ஸ்ரீஸ்கந்தராசா காருக்குள் எத்தனை பேர் இருக்கலாம் என்று கேட்டார். பிறகு கூரை திறக்குமா என்று கேட்டார். திறந்தால் மேலால் நின்று எறியலாமாம். தூரத்துக்கும் போகும், படத்துக்கும் நல்லதாம்.

இராசமலருக்கு அதைவிடப் பெரிய யோசனை வந்தது.

"எங்கட பேஸ்மென்றில பிள்ளையளின்ர பழைய உடுப்புக் கனக்கக் கிடக்கு, குணமக்கா. குப்பையில போட மனமில்லாமல் வைச்சிருக்கிறன். ரெண்டு சூட்கேசில அடைஞ்சு கொண்டுபோனால் அதையும் எறியலாம். புண்ணியமாவும் போகும்."

"உடுப்பு எறிஞ்சால் விரிஞ்சு விழும். படத்துக்கு வடிவு," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

"சூட்கேஸ் வெயிற் பாக்கோணும் மாமா," என்றான் பிரவீனன்.

துர்க்கா அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தாள். சாப்பிடவில்லை. உடைத்த துண்டை இன்னும் சின்னதாக உடைத்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. பொம்பிளைக்குச் சந்தோசம்தானே.

இராசமலர் நிரூபாவின் பக்கம் திரும்பினாள். இடது கையால் அவளுடைய முழங்கையைத் தொட்டாள்.

"போன கிழமை நான் கதைச்சதை மனசில வைச்சிருக்காதை பிள்ளை. நீதான் தோழி. இவ்வளவு ஓடியாடிச் செய்யிறாய். உன்னை விட்டிட்டு வேற ஆரை நிப்பாட்டுறது? அந்தக் காரில எங்களுக்கும் ரெண்டு சீற் பார், என்ன."

மேசை கலகலப்பானது. நிரூபா தாயைப் பார்த்தாள்.

குணவதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை. வாங்கித் தந்துவிட்டேன் பார் என்கிற பெருமை இருந்தது. வளவில் மகள் மாட்டேன் என்றதும், அடுப்படிக்குள் போய் இதை யோசித்திருக்கிறாள். ஒரு கல்லில் இரண்டையும் விழுத்தியிருக்கிறாள். காரும் வரும், மகளும் மேடையில் நிற்பாள். இனி எங்கே மாட்டேன் என்பது.

நிரூபா வாயில் இருந்த சோற்றைத் தண்ணீர் குடித்து அனுப்பினாள். தம்பியின் கலியாணத்தில் பொம்பிளைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது உண்மை. விவாகரத்தான மூன்று வருடங்களில் அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். குறுக்கே நின்றவளே இப்போது கையைப் பிடித்துக் கூப்பிடுகிறாள். வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டால் போதும்.

"அன்ரி," என்றாள். "தோழிக்கு வேற ஆரையும் பாருங்கோ. அந்தக் கார் வராது."

ஸ்ரீஸ்கந்தராசா மட்டும் மென்றுகொண்டிருந்தார்.

"அக்கா, டோன்ற்," என்றான் பிரவீனன்.

அவள் நிறுத்தவில்லை. காரைக் கேட்டது நான், வேண்டாம் என்று சொல்லப் போவதும் நான் என்றாள். பிள்ளைகளை ஓடவிட்டுச் சாமான் எறிகிற படம் ஓடுகிற மண்டபத்துக்குள் என்னால் நிற்க முடியாது என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் யாராவது சமாதானம் சொல்லியிருப்பார்கள்.

இராசமலர் கையை எடுத்துக்கொண்டாள். "நல்லதைத்தானே பிள்ளை செய்யினம். குடுக்கிறது பாவமோ?" என்று குணவதியிடம் கேட்டாள்.

"இரு. சாப்பிட்ட கோப்பையை விட்டிட்டு எழும்பாதை," என்றாள் குணவதி.

நிரூபா எழும்பினாள். குசினியில் கையைக் கழுவினாள். சவர்க்காரம் போட்டு இரண்டாம் தரமும் கழுவினாள்.

வாசலில் சப்பாத்தைப் போடும்போது குணவதி பின்னால் வந்து நின்றாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"உனக்கு அண்டைக்கு ஒரு பைக்கற்றும் கிடைக்கேல்ல. ஞாபகம் இருக்கோ? நீ ஓடினாய். ஆனால் பிடிக்கேல்ல. அந்தப் பொடியனைத் தள்ளி விழுத்திப் பிடிச்சது நான். அதைத்தான் நீ மூண்டு நாள் திண்டனி. அப்ப உனக்கு அருவருக்கேல்ல."

நிரூபாவின் சப்பாத்துக் கயிறு முடிச்சாகிப் போயிருந்தது. அதை இழுத்து இறுக்கிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"நான் ஒரு காருக்கு ஆசைப்பட்டால் மட்டும் உனக்கு ஊத்தை," என்றாள் குணவதி. கதவைச் சாத்தியது நிரூபாவா அவளா என்று தெரியவில்லை.

வெளியே நல்ல வெயில். பக்கத்து வீட்டுக்காரன் புல் வெட்டிக்கொண்டிருந்தான். தாய் சொன்னது பொய் இல்லை. அந்த பிஸ்கட் நனைந்து உடைந்திருந்தது, இனித்தது. அதற்காக லக்சரில் நாற்பது பிள்ளைகள் சுடு தாரில் ஓட வேண்டுமா. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றை ஒன்று அழிக்கவில்லை. இரண்டும் அப்படியே கிடந்தன.

காரில் சாய்ந்துகொண்டு போனை எடுத்தாள். லக்சரில் இரவுச் சாப்பாட்டு நேரமாக இருக்கும். ஹனி உடனே எடுத்தான். கார் வேண்டாம், பிள்ளைகள் வேண்டாம் என்று சொன்னாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. கெய்ரோக்காரனுக்கு இன்னும் சொல்லவில்லை, நல்ல காலம் என்றான். பிறகு, "மனம் மாறினால் இன்று படுக்கப் போகும் முன் சொல்லுங்கள் மேடம். நான் விழித்திருப்பேன்," என்று தொழில்காரனாக ஒரு சொல் சேர்த்துக்கொண்டான்.

வைத்த பிறகுதான் காலடிச் சத்தம் கேட்டது. துர்க்கா. காலில் குணவதியின் வீட்டுச் செருப்பு. அவசரத்தில் எடுத்து மாட்டியிருக்கிறாள்.

இந்த ஏழெட்டு மாதத்தில் நிரூபா இந்தப் பிள்ளையோடு சேலை நிறத்தைப் பற்றிக் கதைத்திருக்கிறாள். சாப்பாட்டுக்காரரைப் பற்றிக் கதைத்திருக்கிறாள். வேறு எதையும் கேட்டது நினைவில் இல்லை.

"மச்சாள், அந்த ஹனியின்ர நம்பரைத் தாங்கோ."

"எதுக்கு?"

"நான் கதைக்கோணும்."

"நான் இப்பதான் வேண்டாம் எண்டு சொன்னனான்."

"தெரியும். கேட்டது."

"பிறகு நீர் என்ன கதைக்கப் போறீர்?"

துர்க்கா தன் போனை நீட்டிக்கொண்டு நின்றாள். தாயின் மூக்கு, தாயின் நாடி. கண் யாருடையது என்று நிரூபாவுக்குப் பிடிபடவில்லை. கோபமா, பிடிவாதமா, இல்லை தன் கலியாணப் படத்தைக் காப்பாற்ற வந்தவளா. உள்ளே இராசமலர் உரக்க ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். மேசை பழையபடி ஆகிவிட்டது.

"காரில ஏறப்போறது நான்தானே, மச்சாள்," என்றாள் துர்க்கா.

அதற்கு மறுப்புச் சொல்ல நிரூபாவிடம் உரிமை இல்லை. தோழி என்கிற இடமும் இப்போது இல்லை. போனை வாங்கி எண்ணைக் குத்திக் கொடுத்தாள்.

துர்க்கா அங்கேயே நின்று அழுத்தினாள். மணி போகும்போது தெருவை நோக்கி நடந்தாள். குப்பைத் தொட்டிகள் வைக்கிற இடத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

வாசல் கதவு திறந்தது. பிரவீனன் எட்டிப் பார்த்து அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் திரும்பாமலே ஒரு கையைத் தூக்கி, பொறு என்று காட்டினாள்.

அங்கே யாரோ எடுத்துவிட்டார்கள். துர்க்கா ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினாள். தணிந்த குரல். வேண்டும் என்கிறாளா, வேண்டாம் என்கிறாளா என்று பிடிபடாமல் பக்கத்து வீட்டுப் புல் வெட்டும் இயந்திரம் எல்லாச் சொல்லையும் தின்றது. அது திரும்புகிற இடைவெளியில் நிரூபாவுக்கு ஒரு சொல் மட்டும் கேட்டது.

நாற்பது.